இத்தா முடியும்வரை நிற்க வேண்டியிருந்த சுவர்

இதனை எழுதி வைத்தே ஆக வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் ஒன்றே. அலுவலகக் கோப்பின் இறுதி வரி, "கட்டடம் தானே வீழ்ந்துவிட்டமையால் மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று முடிகிறது. அவ்வரியை எழுதியவன் நான். அது பொய்யன்று, ஆயினும் அதில் ஒரு பெண் இல்லை. கோப்பும் காலக்கெடு கழிந்தபின் விதிப்படி எரிக்கப்பட்டுவிட்டது. நானும் போய்விட்டால் நடந்ததைக் கூற எவரும் இரார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இணைக்கப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்த காலம். கடற்கரைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஒரு கடைத்தெரு ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்தில் நான் எழுத்தனாக இருந்தேன். ஊர்ப்பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். அறிவிப்புகளை எழுதுவது என் பணி. தெருவில் பன்றி விடுவோர்க்கு, கடலைத்தொலியைக் குவித்துக் கொளுத்துவோர்க்கு, திருமண வீட்டில் விடியுமுன்னே ஒலிபெருக்கி வைப்போர்க்கு, சாக்கடையை அடைப்போர்க்கு என நாள்தோறும் நாலைந்து எழுதுவேன். தமிழைத் தூய்மையாக எழுதவேண்டும் என்னும் வேட்கை எனக்கு இளமையிலேயே இருந்தது. என் அறிவிப்புகள் இலக்கண வழுவின்றி இருக்கும் என்று நிருவாக அதிகாரி மகிழ்ந்து கூறுவார். படித்துப் பாராமலே கையொப்பமிடும் அளவுக்கு என்மீது அவருக்கு நம்பிக்கை இருந்தது.

பள்ளிவாசலை அடுத்த சந்தில் ஓர் இராவுத்தர் குடியிருந்தார். ஆலங்குடிப் பக்கம் சென்று நிலக்கடலை வாங்கி வந்து, மூட்டைகளை வீட்டினுள் சுவரோரம் அடுக்கி வைத்து விற்பவர். மூட்டைகளைத் தேடி எலிகள் வந்தன. வந்தவை பக்கத்து வீட்டையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மனுவின்மேல், பொதுத்தொல்லை விதியின்கீழ் மூட்டைகளை அகற்றும்படி நான் ஓர் அறிவிப்பு எழுதினேன். இராவுத்தர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சினத்தோடு வரவில்லை.

"எனக்கு எழுதுன மாதிரி எலிக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்கய்யா. ஏழு நாள்ல காலி பண்ணுன்னு வளைக்கு வளை ஒட்டிப்புடுறேன். இவ்வளவு நல்ல தமிழுக்கு அதுக கட்டுப்படாமயா போயிரும்?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் அறிவிப்பில் குறித்த நாளுக்கு முன்பே மூட்டைகளை வேறிடம் மாற்றிவிட்டார். மாற்றிய பிறகுதான், மூட்டைகள் மறைத்திருந்த மேற்குச்சுவரின் நிலை வெளிப்பட்டது. அடிமண்ணை எலிகள் குடைந்திருந்தன. தரையிலிருந்து உத்திரம் வரை, கை நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அறுவடைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இராவுத்தர் இருந்தார். ஆவணிக் கடைசியில் காய்ச்சல் கண்டு, எட்டு நாளில் இறந்துபோனார்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. சந்து வழியே குழந்தைகள் பள்ளிவாசலுக்கு ஓதப் போவதால், பக்கத்து வீட்டுக்காரர் மீண்டும் மனுச் செய்தார். ஓவர்சியர் வந்து நூல் பிடித்துப் பார்த்து, சுவர் சாய்ந்திருக்கிறது, குடியிருக்கத் தகாது என்று குறிப்பெழுதினார். ஏழு நாளில் வீட்டைக் காலிசெய்து சுவரை இடிக்க வேண்டும் என்று அறிவிப்பு எழுதினேன். இம்முறை அது இராவுத்தரின் மனைவி பெயருக்கு.

மறுநாள் அவள் தம்பி வந்தான். மணமேல்குடியில் மீன் ஏலம் எடுப்பவன். அக்காள் இத்தாவில் இருப்பதாகவும், எழுத்தரை ஒருமுறை வந்து பார்த்துப் போகச் சொன்னதாகவும் கூறினான். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அவன் வீட்டை விட்டு வெளியேறாமல், அயல் ஆடவர் கண்ணில் படாமல் இருக்கும் நோன்பே இத்தா. அது முடியத் தை பிறக்க வேண்டும்.

நான் போனேன். ஒன்றரை அறை கொண்ட வீடு. ஒன்பது வயதிருக்கும் அவள் மகள் வாசலில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உள்ளே ஒரு போர்வை திரையாகத் தொங்கியது. அதற்கப்பாலிருந்து வந்த குரல் தளர்ந்திருந்தது. பேச்சோ தெளிவாக இருந்தது. கணவர் கண்மூடிய இடத்தைவிட்டு இத்தா முடியுமுன் பெயர்வது தனக்குத் தகாது என்றாள். செவ்வையாக இருந்து முடிப்பதே தான் அவருக்குச் செய்யக்கூடிய கடைசிக் காரியம் என்றாள். சட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்டாள். பார்க்கிறேன் அம்மா என்றேன்.

"பாக்குறேன்னு சொல்லாதீங்கய்யா. முடியும்னா முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. முடியாதுன்னு சர்க்கார் சொல்லிருச்சுன்னா அது என் குத்தம் இல்ல. எந்தம்பி வண்டி கட்டிக்கிட்டு வந்துருவான், புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

அச்சொற்களின் பொருளை நான் அன்று உணர்ந்துகொள்ளவில்லை. அவ்வீட்டிலேயே இருக்க அவள் இசைவு கேட்டதாகவே எண்ணினேன். போகும்படி சொன்னால் போய்விடுவேன் என்று அவள் சொன்னது என் செவியில் விழுந்தது, அறிவில் ஏறவில்லை. பிறர் வழக்கத்தை மதிக்கத் தெரிந்தவன் என்ற பெருமிதம் எனக்கு அப்பொழுது இருந்தது.

"முடியும் அம்மா, தை வரைக்கும் தவணை வாங்கித் தருகிறேன்" என்றேன்.

"அல்லா ஒங்களுக்கு நல்லது செய்வான்" என்றாள்.

அன்று மாலையே அதிகாரிக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய அலுவலக உரைநடையில் அதுவே சிறந்தது என்று அப்பொழுது எண்ணினேன். சட்டம் மக்களின் சமய ஒழுக்கத்தோடு முரணாமல் இயங்குவதே அறம் என்றும், சுவருக்கு முட்டுக் கொடுத்தால் இரண்டு திங்களுக்கு இடரில்லை என்றும் எழுதினேன். முட்டுக் கொடுத்தால் இடரில்லை என்று ஓவர்சியர் சொல்லவில்லை. நான் அவரைக் கேட்கவுமில்லை. அதிகாரி வழக்கம்போல் கையொப்பமிட்டார். புகார் செய்த பக்கத்து வீட்டுக்காரரே தம் கொல்லையில் கிடந்த இரண்டு பனங்கட்டைகளைச் சுமந்து வந்து முட்டுக் கொடுத்தார். சந்தில் குழந்தைகள் போகாதபடி முள்ளும் வெட்டிப் போட்டார். வெளியே போகிறவர்களுக்குக் காவல் செய்தாயிற்று.

கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாமழை. நான்காம் நாள் வெயில் வந்தது. மண்சுவர் நனையும்போது நிற்கும், காயும்போது விழும் என்று எங்கள் பக்கத்தில் கொத்தன்மார் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நண்பகலில் பக்கத்து வீட்டுக்காரர் அலுவலக வாசலில் வந்து நின்றார். முழங்கை வரை சேறு. "செவுரு" என்றார்.

மகள் அவர் வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போயிருந்ததால் பிழைத்தாள். சுவர் சந்துப்பக்கம் விழவில்லை. வெளியில் கொடுத்த முட்டு வெளியில் விழாமல்தான் தடுத்தது. சுவர் உத்திரத்தோடு உட்பக்கம் இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபொழுது மண்ணை அகற்றி அவளை எடுத்திருந்தார்கள். பெண்கள் வெள்ளைத் துணியால் போர்த்திவிட்டிருந்தார்கள். அவள் முகத்தை நான் முன்னும் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

அன்று அந்திக்கு முன் அடக்கம் நடந்தது. மையவாடிக்கு வெளியே, வேலியோரம் நின்றேன். எல்லாம் முடிந்து வெளியே வந்த அசரத்து என்னைக் கண்டு நின்றார். பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர் அவர், முதியவர், வைது பேசி அறியாதவர். இத்தாவுக்காகத்தான் தவணை வாங்கிக் கொடுத்தேன் என்று அவரிடம் கூறினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க. வீடு இடிஞ்சு விழுற மாதிரி இருந்தா, இத்தாவுல இருக்குற பொம்பள வேற எடத்துக்குப் போயி அங்கிட்டு மிச்ச நாளக் கழிக்கலாம். அதுக்கு மார்க்கத்துல எடம் இருக்கு. உசுரக் குடுத்து இருக்கச் சொல்லலீங்க."

பிறகு, குரலைத் தாழ்த்தி, "போயிச் சேந்த அந்தப் புள்ளையும் எங்கிட்ட கேக்கல. நானும் போயிச் சொல்லல. நோட்டீஸ் வந்ததே எனக்குத் தெரியாது" என்றார். என் கையை விட வெகுநேரம் ஆயிற்று.

பள்ளிவாசல் அந்த வீட்டிலிருந்து நாற்பது அடி. என் அலுவலகத்திலிருந்து ஒரு தெரு. நோட்டீசை அவள் பெயருக்கு எழுதினேன்; தவணைக் குறிப்பை அதிகாரிக்கு எழுதினேன்; முட்டுக் கொடுக்கப் பக்கத்து வீட்டாரிடம் பேசினேன். அறிந்தவர் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவர்களுடைய நெறியை மதிப்பதாக எண்ணிக்கொண்டு, அது இன்னதென்று நானே தீர்மானித்துவிட்டேன்.

எவரும் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அதிகாரி, தவணை முறைப்படியே வழங்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார். இறந்தவளின் தம்பி, அவள் மகளை மணமேல்குடிக்கு அழைத்துச் செல்ல வந்தபொழுது அலுவலகத்துக்கும் வந்தான். "நீங்க நல்லது நெனச்சுத்தானே செஞ்சீங்க" என்றான். வைதிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் நின்ற வண்டியில் அந்தப் பெண் தன் தாயின் பித்தளைச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். நான் அருகே போனேன். அவள் என்னைப் பாராமல் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அப்பணியில் இருந்தேன். இடியும் வீடுகளுக்கு அறிவிப்பு எழுத நேர்ந்தபொழுதெல்லாம், தவணை கேட்டு வந்தவர்களிடம் "முடியாது" என்றே சொன்னேன். கல்நெஞ்சன் என்று பெயர் எடுத்தேன். அவர்களுள் சிலர்க்குத் தவணை கொடுத்திருக்கலாம் என்றும் இப்பொழுது தோன்றுகிறது. அதுவும் என் பிழையாக இருக்கக்கூடும்.

இத்தனை ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்தே எழுதுகிறேன். இத்தாவின் முறையைப் பற்றி நான் எழுதியதில் வழு இருப்பின், அறிந்தோர் திருத்துக. மழை பெய்த நாள்களைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பின், அவ்வூரார் திருத்துக. திரைக்கப்பாலிருந்து அவள் கூறியவற்றை நான் கேட்டபடியே எழுதியிருப்பதாக நம்புகிறேன். ஆனால் அன்று அங்கே அவற்றைக் கேட்டவர்கள் இருவரே, நானும் அந்தச் சிறுமியும். அவள் இன்று எங்கேனும் நலமாக இருந்து, இதனைப் படிக்க நேர்ந்து, தன் தாய் சொன்னது வேறு என்று கூறுவாளாயின், என் சொல்லை அடித்துவிட்டு அவள் சொல்லையே வைத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகிறேன்.