படிக்காமல் போட்ட கையெழுத்து

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரி செம்பைக் கவிழ்ப்பதற்குள் பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஜட்காவில் ஏறுமுன் குதிரையின் காலைப் பார்ப்பேன். கோயிலிலிருந்து அக்காரவடிசல் வந்தால் முதலில் மோந்து பார்த்து, மடைப்பள்ளி நெய் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரிப்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"பெருமாள் படுத்துண்டிருக்கறதுலயே உங்களுக்குச் சந்தேகம் வந்துடும். நிஜமாத் தூங்கறாரா, பாசாங்கான்னு சந்நிதியில போய்க் கேட்டுட்டு வாங்கோ."

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு இப்படியும் ஒரு பேச்சு. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் திருச்சி தெப்பக்குளத்தருகே ஒரு வக்கீலின் மாடி அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காலையில் காவிரிப் பாலத்தை நடந்தே கடப்பேன், சாயங்காலம் நடந்தே திரும்புவேன். அந்த வக்கீல் வெறும் வக்கீல் இல்லை. ஜில்லாவின் வடகோடித் தாலுகாக்களிலிருந்து மெட்ராஸ் சட்டசபைக்குப் போனவர். எல்லோருக்கும் அவர் மெம்பர். எனக்கும் மெம்பர்தான்.

சட்டசபைக்குப் போனவர்கள் ரோடு கேட்பார்கள், பாலம் கேட்பார்கள், மைத்துனனுக்கு வேலை கேட்பார்கள். இவர் அப்படி இல்லை. கொள்ளிடக்கரையில் கூடை முடைகிற பதினைந்து வீடுகள், வாய்க்கால் ஓரத்தில் மண் வெட்டிப் பிழைக்கும் ஒரு சின்னக் கூட்டம், பச்சைமலை மேலே எந்த வரைபடத்திலும் பெயர் இல்லாத குடியிருப்புகள் என்று தேடிப்பிடித்துப் பேசுவார். மெட்ராஸில் அவர் எழுந்தாலே மற்ற மெம்பர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்களாம். அவரே சிரித்துக்கொண்டு சொன்னது.

எனக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் காலத்தில் வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. கூடை முடைகிறவனுக்கும் மலைக்காரனுக்கும் ஓட்டே கிடையாது. ஓட்டில்லாத ஜனத்துக்காக ஒரு மனிதன் எதற்குத் தொண்டை கிழியக் கத்துகிறான்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஆடாது என்று முடிவு செய்துகொண்டு, எதற்காக ஆடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கிறவனுக்கு எல்லாம் தென்படும். மலைக்காரர்கள் வந்தால் மெம்பர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். மலையிலிருந்து அவருக்குத் தேனும் பலாப்பழமும் வந்தன. போதாக்குறைக்கு, துறையூர்ப் பக்கம் அவருடைய மச்சான் ஒருவர் மூங்கில் குத்தகை எடுத்திருக்கிறார் என்று கீழ்க்கடைக்காரர் ஒருநாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். மலை, மூங்கில், மச்சான். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

அந்த வருஷம் கோடையில் பச்சைமலையிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். பாதி வழி நடை, பாதி வழி பஸ். அவர்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள சரிவுகளைச் சர்க்கார் ரிசர்வ் காட்டோடு சேர்க்கப்போகிறது. தாங்கள் பயிர் செய்கிற கொல்லைகள் எவை என்று எழுதிக் கொடுத்தால் அவற்றை விட்டுவிட்டு எல்லை போடுவார்கள். எழுதாதது எல்லாம் காடு. மெம்பர் அந்த மனுவைத் தன் கையாலேயே மெட்ராஸில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

வந்தவர்களில் ஒரு பெண்பிள்ளை. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். அவள்தான் எல்லோரையும்விடத் தெளிவாகப் பேசினாள். கொல்லைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, மெம்பர் பென்சிலால் இரண்டு பட்டியலாக எழுதினார். முதல் பட்டியலில் அந்த வருஷம் சாமையும் கேழ்வரகும் விதைத்தவை. இரண்டாவதில் விதைக்காதவை.

"விதைக்காதது எதுக்கும்மா?" என்று குறுக்கே விழுந்தேன். கேட்பது என் வேலை இல்லை.

"அது தூங்குதுங்க சாமி" என்றாள். "மூணு வருசம் விதைச்சா மண்ணு ஓஞ்சுபோவும். அப்புறம் ஆறேழு வருசம் அப்படியே போட்டுருவோம். செடி கொடி மண்டும். பொறவு வெட்டி, சுட்டு, திரும்ப விதைப்போம். என் ஈச்சங்கொல்லை இப்ப தூங்குது. வர்ற வருசம் எழுப்பணும். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதாங்க."

நான் காவிரிக்கரையில் பிறந்தவன். எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஒரு சாண் நிலம் சும்மா கிடக்காது. வரப்பில்கூட உளுந்து போடுவோம். ஒரு நிலம் ஆறு வருஷம் புதர் மண்டிக் கிடக்கிறது என்றால் அது கோர்ட்டில் இருக்கிறது, அல்லது நாதியற்றது. நிலம் தூங்குமாம், எழுப்புவார்களாம். யார் சொல்லிக்கொடுத்த பாடம் இது என்று மெம்பரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் செய்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. மனுவை டைப் அடிக்க இரண்டு நாளாகும். அதுவரை தங்க அவர்களுக்கு இடமில்லை, இன்னொரு முறை இறங்கி வரவும் முடியாது. அதனால் ஒரு வெற்றுத் தாளை எடுத்து அதன் அடியில் வரிசையாக எல்லோருடைய கைநாட்டையும் வாங்கிக்கொண்டார். கடைசித் தாள் இது, முன்தாள்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அவர்களும் மையில் கட்டைவிரலை அழுத்தி, தலையில் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்குகிறவன் யோக்கியனா? அன்று பாலத்தைக் கடக்கும்போது எல்லாம் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இரண்டாவது பட்டியல் முழுக்க மூங்கில் காடு. மலைக்காரர்கள் பெயரில் அதைச் சர்க்காரிடமிருந்து பிடுங்கிவிட்டால் நாளைக்கு மச்சான் வண்டி கட்டிக்கொண்டு போய் வெட்டுவான். ஏமாந்த ஜனம், அதைக் காப்பாற்ற நான் ஒருவனாவது இருக்கிறேனே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மனுவை இங்கிலீஷில் சுத்தமாக அடித்தேன். முதல் பட்டியலை ஒரு பெயர் பிசகாமல் சேர்த்தேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். கைநாட்டுத் தாளைக் கடைசியில் வைத்துத் தைத்தேன். மெம்பருக்கு மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஜட்கா வாசலில் நின்றது.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றார் மெம்பர்.

"இருக்கு சார்."

கைநாட்டுகளுக்குக் கீழே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். என்னிடமிருந்து போன எந்தத் தாளையும் அவர் படித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நம்பினார். அதையும் நான் ஒரு சோம்பேறித்தனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்பிள்ளை தனியாக வந்தாள். மெம்பர் இன்னும் மெட்ராஸில்தான் இருந்தார். துணியில் முடிந்த சாமையை என் மேஜையில் வைத்தாள்.

"எழுதினது நீங்கதானேங்க சாமி. என் கொல்லை பேரு எங்க இருக்குன்னு காட்டுங்க. ஒருவாட்டி பார்த்துட்டா நிம்மதியாத் தூங்குவேன்."

அலமாரியைத் திறந்து கார்பன் நகலை எடுத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் மச்சானைப் பற்றி விசாரித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்த மூங்கிக்காரரா? அவரை மலையை விட்டு வெரட்டுனதே மெம்பர் ஐயாதாங்க. எங்க சரிவுல கைய வச்சார்னு கேஸே போட்டாரு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாம நாலு வருசம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், கீழ்க்கடைக்காரரின் வெற்றிலைப் பேச்சை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. அவள் மேஜைமேல் குனிந்து, இங்கிலீஷ் எழுத்துகளை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ ஒரு வரியின்மேல் விரலை வைத்தேன்.

"ஈச்சங்கொல்லை" என்று படித்தேன்.

அந்த வரியை அவள் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அங்கே வேறு யாருடைய கொல்லையோ இருந்தது.

அன்றே மெட்ராஸுக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். தந்தி ஆபீஸ் நடக்கிற தூரம்தான். அடித்தால் ஏன் விட்டாய் என்று கேட்பாரே, என்ன சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு நாள் தள்ளினேன். வீட்டில் சாமையைப் பொங்க வேண்டாம் என்றேன். மனைவி ஏன் என்று கேட்டாள், பழசாக இருக்கும் என்றேன்.

ஐந்தாம் நாள் பேப்பரில் வந்துவிட்டது. மெம்பர் எழுந்து, மலைக்காரர்களின் சாகுபடி முறையை விளக்கி, தரிசாகத் தெரிகிற கொல்லைகளையும் விட்டுவிட வேண்டும் என்று பேசியிருக்கிறார். சர்க்கார் தரப்பில் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார்கள்: அந்த ஜனங்களே கைநாட்டு வைத்த மனுவில் அப்படி ஒரு கொல்லையும் இல்லையே, கனம் மெம்பர் தாமாகக் கற்பனை செய்கிறாரா?

திரும்பி வந்ததும் கார்பன் நகலைக் கேட்டார். நின்றபடியே படித்தார்.

"ரெண்டாவது பட்டியலை நான் உங்ககிட்டக் குடுக்காமலே போயிட்டேன் போலிருக்கு. ரயில் அவசரம்" என்றார். பென்சில் பட்டியல் என் மேஜை டிராயரில் இருந்தது. டிராயரை முழங்காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

எல்லைக் கல் நட்ட பிறகு மலைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். மேல்மனு போடலாம் என்று மெம்பர் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த முறை யாரும் உட்காரவில்லை. அவள்தான் முதலில் பேசினாள். அவள் பேசியது மெம்பரிடம்.

"நீங்க எங்களை ஏமாத்திட்டீங்க ஐயா. மனுவுல என் கொல்லை இருந்துச்சு. இந்தச் சாமி படிச்சுக் காட்டுனாரு, நானே தொட்டுப் பார்த்தேன். மெட்ராஸ்ல போயி நீங்கதான் எடுத்திருக்கீங்க. மூங்கிலுக்கா? மச்சானோட ராசியாயிட்டீங்களா?"

நான் யோசித்ததை எல்லாம் யாரோ அவள் வாயில் வைத்து அனுப்பியது போல இருந்தது. மெம்பர் மேஜைமேல் கிடந்த நகலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க சாமி. இருந்துச்சா, இல்லையா?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எனக்கு அந்த மூச்சு வரவில்லை.

"இருந்தது" என்றேன்.

மெம்பர் நகலை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கையெழுத்து என்னுதும்மா" என்றார். "அதனால தப்பும் என்னுதுதான்."

அவர்கள் மேல்மனுவுக்குக் கைநாட்டு வைக்கவில்லை. அவர் தன் பெயரிலேயே எழுதிப்போட்டார், அது நிற்கவில்லை. ஈச்சங்கொல்லை காடாயிற்று. அடுத்த வருஷம் அவள் தன் பெண்களோடு சமவெளியில் கூலிக்கு நாற்று நட வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். எங்கள் ஊர் வயல்களில், ஒருபோதும் தூங்காத நிலத்தில். வயல் ஓரமாகப் போகும்போதெல்லாம் குனிந்திருக்கும் முதுகுகளைப் பார்க்கப் பயந்து வேகமாக நடப்பேன்.

மெம்பர் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் சின்னச் சின்ன ஊர்களுக்காக எழுந்து நின்று பேசினார். அதை எல்லாம் நான்தான் டைப் அடித்தேன். ரயிலுக்கு எவ்வளவு நேரமானாலும் சரி, ஜட்காக்காரன் வாசலில் எத்தனை கத்தினாலும் சரி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் கொடுத்த ஒவ்வொரு தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன்.