டென்மார்க்கைவிட உயரமான மலை

டென்மார்க்கிலிருந்து அக்கா வந்து இறங்கிய அன்றே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. யூலை மாதக் குளிர்; பூமியின் இந்தத் தெற்குப் பக்கத்தில் அதுதான் நடுக்குளிர்காலம். வாசலில் சப்பாத்தைக் கழற்றியவள் கோட்டைக் கழற்றவில்லை.

"என்னடி, வெளியில நிக்கிறதைவிட உள்ளுக்க குளிருது."

ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கு இருப்பது பழைய பலகை வீடு. காலையில் யன்னல் கண்ணாடிகளின் உட்பக்கம் தண்ணீர் வழியும். இருக்கிற ஒரு ஹீட்டரை அறைக்கு அறை தூக்கித் திரிவோம். இந்த ஊரில் எத்தனையோ பேர் இப்படித்தான் கிடக்கிறார்கள். அக்காவுக்கு அது விளங்காது. டென்மார்க்கில் தெருவுக்கு அடியால் குழாயில் சுடுநீர் வந்து வீட்டைச் சூடாக்குமாம். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு இருக்கலாமாம். தேத்தண்ணி குடிக்கும்போதும் டென்மார்க், பாத்திரம் கழுவும்போதும் டென்மார்க்.

அவள் வருவதற்கு முன் நான் ஒரு வேலை செய்திருந்தேன். மகள் படுக்கிற அறையில், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அக்காவின் கண்ணில் பட்டால் கோபன்ஹேகன் வரை கதை போய்விடும். அதனால் உடுப்பு அலமாரியை இழுத்து அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தேன்.

மகளுக்குப் பத்து வயது. குளிர்காலம் வந்தால் மூச்சிழுப்பும் வந்துவிடும். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் படுப்பாள். அந்த முறை இழுப்பு வழக்கத்தைவிட மோசம்.

இரண்டாம் கிழமை அக்கா சொன்னாள்: "பிள்ளையை என்னோட அனுப்பு. இப்ப அங்க கோடை. இஞ்ச குளிர் முடிய வரட்டும்."

உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்னது போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாளே அவளைப் பக்கத்திலுள்ள வன் ட்ரீ ஹில் மலைக்குக் கூட்டிப்போனேன். வேண்டுமென்றே அடிவாரத்தில் காரை விட்டு, மேலே வரை நடக்க வைத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உச்சியில் நிறுத்திக் கேட்டேன்: "பாருங்கோ அக்கா, ரெண்டு பக்கமும் கடல். உங்கட முழு நாட்டிலயும் இவ்வளவு உயரமான இடம் ஒண்டு இருக்கோ? தோசைக்கல்லு மாதிரித் தட்டை. எப்ப பாத்தாலும் காத்து. நவம்பரில வெயிலைக் காணேலாது எண்டு நீங்கள்தானே ஃபோனில அழுதனீங்கள்?"

அவள் கோபிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஓம், தட்டைதான். காத்துத்தான், இருட்டுத்தான். ஆனா என்ர பிள்ளையள் ஒருநாளும் தொப்பி போட்டுக்கொண்டு படுக்கேல்லை."

மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகளின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"அந்த அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளி வை. காத்துப் போகாட்டி பூஞ்சணம் இன்னும் கூடத்தான் பிடிக்கும்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"வந்த அண்டைக்கே மணத்தது. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன்."

மலையை விட்டு இறங்கினோம். வீட்டுக்கு வந்து அலமாரியை இழுத்தேன். கையகலத்துக்கு இருந்த கறுப்பு என் தோளுயரத்துக்கு ஏறியிருந்தது. மகளின் தலையணை அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அக்காவுக்கு மறைத்ததை என் பிள்ளையின் மூக்குக்குப் பக்கத்தில் வளர்த்திருக்கிறேன்.

அக்கா மேல் உள்ள கோபம் இன்றைக்கும் தீரவில்லை. முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். இரண்டு கிழமை என்னைப் பரீட்சை பார்த்தாள், பிள்ளை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் அலமாரியை அங்கே தள்ளியது அவள் இல்லை.

அக்காவோடு போகிற மகளின் பெட்டியை நானே அடுக்கினேன். படுக்கைத் தொப்பியை மட்டும் வைக்கவில்லை.