அம்மாவோட முழுப் பேர்

இன்னைக்கு கேன்சர் கிளினிக்ல என் மானத்த வாங்கினது யாருன்னு நெனைக்கிறீங்க?

எங்க அம்மாதான்!

அம்மாவுக்கு எழுபத்திமூணு வயசு. திம்புள்ள பக்கம் தேயிலைத் தோட்டத்துல முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தவங்க. மார்புல கட்டி, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. கீமோ குடுத்தா உடம்பு தாங்குமான்னு இன்னைக்குத்தான் முடிவு.

நான் உள்ள போனதுமே ஆரம்பிச்சிட்டேன். "டாக்டர், வயசாயிருச்சு. லேசா ஏதாவது மருந்து குடுத்தா போதுங்க."

(பயம்ங்க. வேற ஒன்னும் இல்ல.)

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பொண்ணு. "வயசை மட்டும் பாத்து முடிவெடுக்க ஏலாது. முழு ஆளையும் பாக்கோணும்"னு சொல்லிட்டு அம்மா பக்கம் திரும்பிட்டாங்க.

"அம்மா, கதிரையைப் பிடிக்காமல் எழும்பி, அந்தக் கோடு வரைக்கும் நடந்திட்டு வாங்கோ."

அம்மா விறுவிறுன்னு போயிட்டு வந்து, "இம்புட்டுதானா? எங்க மலையில இது பாதி நிரை கூட இல்லையே!"

அப்புறம் டாக்டர் மூணு சொல்லு சொல்லி ஞாபகம் வச்சிக்கச் சொன்னாங்க. கொஞ்சம் கழிச்சு அம்மா மூணையும் சொல்லிட்டாங்க.

(எனக்கு ரெண்டுதான் ஞாபகம் இருந்துச்சு!)

"வீட்டு வேலை எல்லாம் ஆர் செய்யிறது?"

"நான்தான். மலைக்குப் போன காலத்துலயும் அரைப் பேர் வாங்கினதே இல்லம்மா. எப்பவும் முழுப் பேர்தான்!"

டாக்டர் ஃபைலப் பொரட்டிப் பாத்துட்டு, "உங்கட முழுப் பேர் இதில சரியாத்தான் இருக்கு, அம்மா."

நான்தான் விளக்கினேன். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தா அன்னைக்கு முழுப் பேர். கொறஞ்சா அரைப் பேர், பாதிச் சம்பளம். டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

சிரிச்சு முடிச்சு என்னையப் புடிச்சாங்க!

"அம்மா எத்தினை குளிசை எடுக்கிறவ?"

"அது... பிரஷருக்கு ஒன்னு..."

"நாலு"ன்னாங்க அம்மா.

"இப்ப கிட்டடியில எங்கையாவது விழுந்தவவோ?"

"இல்லவே இல்ல டாக்டர்!"

"ரெண்டு தடவ விழுந்தேன். பீலியில தண்ணி புடிக்கிறப்ப வழுக்கிருச்சு. இவன்கிட்ட சொன்னா பயந்துருவான்."

எனக்கு ஹட்டன் டவுன்ல கடையில வேலை. ஞாயித்துக்கெழம மட்டும் வீட்டுக்குப் போற மகன். மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல.

டாக்டர் எல்லாத்தையும் எழுதினாங்க. "விழாமல் இருக்கப் பயிற்சி தாறம். ஒரு குளிசையை மாத்துறன். சாப்பாடு கூட்டோணும். கீமோ மருந்தை முழு அளவிலயே துடங்குவம். ஒவ்வொரு முறையும் பாத்துத்தான் குடுப்பம்."

பேனாவ மூடி வச்சிட்டு என்னையப் பாத்தாங்க.

"அம்மாவுக்கு முழுப் பேர். மகனுக்கு அரைப் பேர்!"

அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே! கட்டின்னு தெரிஞ்சதுக்கப்புறம் இன்னைக்குத்தான் அப்படி சிரிச்சாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவ்வளவு பெருமை!

வெளிய வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு, "விடுப்பா, நாளைக்குக் கொழுந்து சேத்து எடுத்தா சரியாப்போயிரும்"னாங்க.

சரி, இப்ப நீங்க சொல்லுங்க. உங்க அம்மா ஒரு நாளைக்கு எத்தன மாத்திரை போடுறாங்க?

யாரும் ஃபோன் போட்டுக் கேக்கக் கூடாது!

முழுப் பேரா, அரைப் பேரா?