எஞ்சின் அறைக்கு ஜன்னல் இல்லை

ரெஸ்தி கும்பான் இருபத்தொன்பது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். மேலே அல்ல, அடியில். எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆள். ஊருக்கு வந்து உட்கார்ந்த நாலாம் வருஷம், அவன் மனைவி பூரிதா சபைக்கு எழுதிப் போட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஊழியத்துக்கு வருகிறோம், எங்கே அனுப்பினாலும் சரி என்று. தெற்குத் தீவில் இலோயிலோ பக்கத்து ஆட்களை, அதே நாட்டின் லூசோன் தீவின் வடக்கு மூலைக்கு, லவாக்குக்கு, ஒன்றரை வருஷத்துக்கு அனுப்பினார்கள்.

அவனுக்கு வயது அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்தைந்து. சபைக்கு வராமல் நின்றுபோனவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் திட்டுவதைக் கேட்டுவிட்டு வருவது ஒரு வேலை. ஊழியத்துக்கு வந்த இளவட்டங்களின் அறைகளைச் சோதிப்பது இன்னொன்று. அடுப்புக் குழாயை ரெஸ்தி பார்ப்பான். கட்டிலுக்கடியில் கிடக்கும் நூடுல்ஸ் கப்புகளைப் பூரிதா பார்ப்பாள்.

ஊழியத்தில் இருக்கிற ஜோடி ஒருவரைவிட்டு ஒருவர் பிரியக்கூடாது என்பது விதி. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. கப்பல் விடுப்புகளை எல்லாம் ஒட்டுப்போட்டாலும், ஊரோடு உட்கார்ந்த பிறகும்கூட, இப்படி நாள் முழுக்கச் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. பல் தேய்க்கும்போதுகூடப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது அவனுக்குப் புதுசாக இருந்தது.

சனிக்கிழமை ஓய்வு. பூரிதா வியாழக்கிழமையே சோறு கட்டும் டப்பாவைக் கழுவி வைத்துவிடுவாள். மணல்மேட்டுக்குப் போனார்கள். பாவாய் ஊர்ப் பழைய தேவாலயத்துக்குப் போனார்கள். செல்லமாக அவள் அவனை நோங் என்பாள், அவன் அவளை இந்தாய் என்பான். எங்கே போனாலும் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"நோங், இது பெருசா, ரோமுல நீங்க பாத்தது பெருசா?"

"அதுக்கு முன்னால இது தூசி."

அவள் வாயைப் பிளந்து கேட்பாள். அவன் வேறு பக்கம் பார்ப்பான். ரோமை அவன் கண்ணால் பார்த்ததில்லை. கப்பல் துறைமுகத்தில் கட்டியிருப்பது அதிகம் போனால் ஒரு நாள். அதில் பாதி நேரம் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். மீதி நேரத்தில் மாலுமிகள் மன்றத்துக்குப் போய் வீட்டுக்கு ஒரு போன் போடலாம். போன் பெட்டிக்குப் பக்கத்தில் படத்தபால் அட்டைகள் தொங்கும். முதல் தடவை, சூடு, கரி, காது அடைப்பு என்று எழுதினால் அழுவாள் என்று ஒரு கோபுரப் படத்தை வாங்கி, 'இன்று இதன் அடியில் நின்றேன்' என்று எழுதினான். கோபுரம் அங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. அப்புறம் அதுவே பழகிவிட்டது.

இத்தனை வருஷமாக அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் இந்தச் சனிக்கிழமை அப்படி இல்லை. நாளைக்கு ஆராதனையில் பேச வேண்டும் என்று பூரிதாவைக் கேட்டிருந்தார்கள். புர்கோஸ் ஊர்க் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் நாலு பக்கத்தை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டு வந்தாள்.

"'என் கணவர் பாரிஸ் கோபுரத்தின் அடியில் நின்றவர். வெனிஸ் நகரத்துப் படகில் போனவர். உலகத்தையே பார்த்தவர், அதையெல்லாம் உதறிவிட்டு இந்த ஊழியத்துக்கு வந்தார்.' எப்படி இருக்கு?"

"வெனிஸ எடுத்துரு, இந்தாய். ரொம்ப நீளமா இருக்கு."

"அதுதான் நல்ல இடமே! நீங்க வண்டிய ஓட்டுங்க."

அறுபது பேர் முன்னால், கும்பிட்ட கையோடு, அவள் வாயால் அவன் பொய் வெளியே வரப்போகிறது.

கலங்கரை விளக்கத்தின் காவலாள் சிரித்துக்கொண்டு கேட்டான், "மனோங், அண்ணே, முதல் தடவையா?"

"ஏறுறது முதல் தடவ. கடல்லேர்ந்து நூறு தடவ பாத்துருக்கேன்."

மேலே போனதும் ரெஸ்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தான்.

"அந்தக் குன்னு இருக்கில்ல, கடல்லேர்ந்து பாத்தா எருமை படுத்த மாதிரி இருக்கும். ஜப்பான்லேர்ந்து திரும்பறப்ப, விடிகாலை ஷிப்ட் முடிஞ்சு மேல வருவேன். கையெல்லாம் எண்ணெய். முதல்ல ஒண்ணும் தெரியாது. அப்புறம் இந்த விளக்கு ஒரு வெட்டு வெட்டும். மூச்ச இழுத்து விடுற நேரம் இருட்டு. மறுபடி ஒரு வெட்டு. சமையக்காரன் பூண்டுச் சோறு வறுக்கிற வாசன வரும். சரி, நம்ம ஊரு வந்துருச்சுன்னு நெனச்சுக்குவேன். பசிக்கும். அதுவரைக்கும் பசிச்சிருக்காது."

பூரிதா கடலைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரிஸ் கோபுரத்துல என்ன வாசன வந்துச்சு, நோங்?"

அத்தர் என்று சொல்லியிருக்கலாம். ரொட்டி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் கையில் அந்த நாலு பக்கம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"நான் போனதேயில்ல."

"எங்க?"

"பாரிஸுக்கு. ரோமுக்கு. எங்கயும்தான். எஞ்சின் ரூமுக்கு ஜன்னல் கிடையாது, இந்தாய்."

அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். "நாப்பத்தாறு அட்டை."

"நாப்பத்தேழு. ஒண்ணு தபால்ல தொலஞ்சுபோச்சு."

"வாய மூடுங்க."

அவள் அந்த நாலு பக்கத்தைப் பைக்குள் திணித்தாள்.

"கூரை ஒழுகும். பெரியவனுக்கு டெங்கு. உங்ககிட்டேர்ந்து படகு படம் போட்ட அட்ட வரும். வயிறு எரியும் எனக்கு. என்னைய விட்டுட்டு அனுபவிக்கிறானே மனுசன்னு. இருபத்தொம்போது வருஷம் உங்கமேல கோவமா இருந்தேன், வெளிய சொல்லல. ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு முதல் வேலையா அந்தப் பொறாமைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு அழுதேன். இப்ப அந்த மன்னிப்ப நான் யாருகிட்டத் திருப்பிக் குடுக்கறது?"

கப்பலாக இருந்தால் கீழே இறங்கிப் போயிருப்பான். அவளும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். ஊழிய விதி இரண்டு பேரையும் ஒரே வண்டியில் உட்காரவைத்தது.

லவாக் சந்தை ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய், சோமாசி மாதிரிப் பொரித்த எம்பனாடா இரண்டு வாங்கினாள். எண்ணெய் சொட்டியது. பையிலிருந்து அந்த நாலு பக்கத்தை எடுத்து, ஒன்றை மடித்து, அதில் வைத்து அவனிடம் நீட்டினாள். வெனிஸ் இருந்த பக்கம்.

"தின்னுங்க. நாளைக்கு நீங்களே பேசுங்க."

"நானா? எனக்குக் கால் நடுங்கும்."

"நடுங்கட்டும். அந்த விளக்கப் பத்தி மட்டும் சொல்லணும். பாத்தத மட்டும். ஒண்ணு கூட்டினீங்க, முன்னாடி உக்காந்து இருமுவேன்."

கடித்தான். உள்ளே பப்பாளியும் முட்டையும் கொதித்தன. அவள் அவனுடையதிலும் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டாள்.

மறுநாள் ரெஸ்தி கும்பான் பிரசங்க மேசையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றான். எருமைக் குன்றைச் சொன்னான், பூண்டு வாசனையைச் சொன்னான். எல்லாரும் கவனமாகக் கேட்பதைப் பார்த்ததும் கொஞ்சம் சூடு பிடித்தது.

"அன்னைக்கு அலை, சகோதரர்களே, இந்தக் கூரை உயரத்துக்கு…"

முன்வரிசையில் ஒரு இருமல்.

"இந்த மேசை உயரத்துக்கு இருந்துச்சு," என்றான்.