நாயைப் பார்த்துப் பயந்த பிள்ளை

எங்கள் தெருவில் பயந்த பிள்ளையின் அறிகுறி தெரியாதவர்கள் யாருமில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடும் தெரு அது. ஒரு பிள்ளை சாப்பிடாமல் இளைத்தால், தூக்கத்தில் அலறினால், வளர்ந்த பிறகும் பாயை நனைத்தால், கூப்பிட்ட குரலுக்குத் தூக்கிவாரிப் போட்டால், கடைக்குப் போகிற யாராவது நின்று சொல்லிவிடுவார்கள்: "புள்ள எதையோ பாத்து பயந்துக்கினு இருக்குதுமா." எட்டு வயதில் எனக்கு அத்தனையும் இருந்தது. ஒருவர் கணிப்பும் தப்பவில்லை. மெச்சத்தான் வேண்டும்.

எதைப் பார்த்து என்பதில்தான் தெரு இரண்டுபட்டது. புளியமரம் என்றார்கள். சாவு ஊர்வலத்தில் போட்ட வெடி என்றார்கள். உச்சிவெயிலில் குளக்கரைப் பக்கம் போயிருப்பேன் என்று எதிர்வீட்டு அத்தை அடித்துச் சொன்னாள். அப்பா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இழை அறுந்தாலோ, சேலையில் முதலாளி குறை சொன்னாலோ, பாவு நூலில் செருகும் மூங்கில் கழியோடு அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வருவார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காது கேட்காதவர்கள் யாரும் அந்தத் தெருவில் குடியிருந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மாவுக்கு வலது முழங்கை நேராக நீளாது. அவளுக்குத் தெரியாதா? தெரிந்தவள்தான் எனக்குத் தலைசீவிப் பொட்டு வைத்து, மந்திரிக்க அழைத்துப் போனாள். அவள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதினால் பயம் தெளியும் என்று, எல்லா மதத்துக்காரர்களும் பிள்ளைகளோடு பள்ளிவாசல் முன்னால் நிற்பார்கள். எங்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனது அப்பா. பொறுப்பான மனிதர் அல்லவா, வண்டியை நிறுத்திவிட்டு அவரும் வந்து என் பின்னால் நின்றார்.

தாடி நரைத்த பாய் ஒருவர் வரிசையாக ஓதி ஊதிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எத்த பாத்துமா பயந்த? நீ சொல்லு."

அதுவரை எல்லாரும் அம்மாவைத்தான் கேட்டார்கள். என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிடரியில் அப்பாவின் கை வந்து உட்கார்ந்தது. அழுத்தக்கூட இல்லை.

"நாயி, பாய்," என்று அம்மா முந்திக்கொண்டாள். "தெருவுல ஒரு செவல நாயி சுத்திக்கினு இருக்குது."

"அப்டியாமா?" என்று அவர் மறுபடியும் என்னைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் ஓதி, நெற்றியில் ஊதிவிட்டு, அடுத்த பிள்ளையிடம் போனார்.

அந்தச் செவலை நாய் எங்கள் வாசல்படியில்தான் படுத்திருக்கும். அடி வாங்கிய நாட்களில் நான் போய் உட்கார்வது அதன் பக்கத்தில்.

மறுநாள் காலை அப்பா கழியோடு தெருவில் இறங்கினார். "எம் பொண்ண பயமுறுத்துவியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். வாலாட்டிக்கொண்டு வந்த நாய், முதல் அடிக்கு ஓடக்கூட இல்லை. யாரும் தடுக்கவில்லை. பொண்ணுமேல் இவ்வளவு பாசமா என்று வியந்தார்கள். எதிர்வீட்டு அத்தையின் மகன் அதைச் செல்போனில் படம்பிடித்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இதயங்கள் குவிந்தன. நாய் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குள் வரவில்லை.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. நாயை என்னால் பார்க்க முடிவதில்லை. ஓரத்தில், வாசல்படியில் நிற்கும் சின்னப் பெண்ணைத்தான் பார்ப்பேன். கழி மேலே போகும் ஒவ்வொரு முறையும் அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிகிறாள். அது இறங்கி நாயின்மேல் விழுந்த பிறகே கையை எடுக்கிறாள். நல்ல காலை வெளிச்சம், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. தெருவே நின்று பார்த்தது. மகன் பக்கத்தில் நின்றிருந்த அத்தையின் குரலும் அதில் பதிவாகியிருக்கிறது.

"ஐயோ பாவம், அந்த நாய பாத்து புள்ள எப்டி நடுங்குது பாரு."