ஜூனில் காலியாகும் மாடி

மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் தலெந்தா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான். படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று செய்கிறாள் என அவள் அண்ணன் மனைவி நஸீஹா தெருவில் சொல்லி வைத்திருந்தாள். தலெந்தா அதை மறுத்ததில்லை. உண்மையில் அவளுக்கு மேலே படிக்கும் பாடத்தைக் கேட்க வேண்டும். சில மாணவிகள் நடந்துகொண்டே உரக்கப் படிப்பார்கள். பாதி புரியாது. ஆனாலும் கீரையை ஆய்ந்தபடி காதை மேலே கொடுத்திருப்பாள். பதினொரு வயதில் பள்ளியை விட்டு, மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போனவள் அவள். கல்யாணம் என்று ஒன்று கூடிவரவில்லை.

மஹ்தியாவில் கடலை ஒட்டிய தெருக்களில் மாடி வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே வழக்கம்தான். செப்டம்பரிலிருந்து மே வரை கல்லூரிப் பிள்ளைகள். ஜூன் பிறந்தால் கடலில் குளிக்க வரும் கோடைக்காரர்கள். அப்பா விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் தலெந்தாவுக்கு. மாடி அவளுக்கும் அண்ணன் மொன்ஜிக்கும் பொது. கல்லூரி மாதங்களின் வாடகை இவளுக்கு, கோடை வாடகை அவருக்கு. மே கடைசியில் மாணவிகள் இறங்கியதும் மெத்தைகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஆட்டு ரோமத்தை அலசி, மொட்டை மாடியில் உலர்த்தித் திரும்பத் திணித்துத் தைப்பது தலெந்தாவின் வேலை. எந்த வீட்டு மொட்டை மாடியில் ரோமம் வெள்ளையாக விரிந்து கிடந்தாலும், அங்கே பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

ரவ்தா வந்தது செப்டம்பர் முடியும்போது. அரசு விடுதியில் அவளுக்குக் கொடுத்திருந்த இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மக்தர் மலையிலிருந்து அவளுடைய தகப்பனார் அம்மார், கம்பளி மேலங்கியோடு கூடவே இறங்கி வந்திருந்தார். கல்லூரிக்கு எதிரேயுள்ள ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருந்த வாடகைத் தாள்களில் பெரும்பாலும் தொலைபேசி எண் துண்டுகள் கிழிக்கப்பட்டுவிட்டன. மிச்சமிருந்த எண்களைப் பிடித்து ஏழு வீடு ஏறி இறங்கியிருந்தார்கள். ஒன்றில் ஜன்னலே இல்லை. ஒன்றில் ஓர் அறைக்கு ஐந்து பேர். ஒன்றில், தனியாக வரும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்று கதவைச் சாத்தினார்கள். எட்டாவதுதான் தலெந்தா வீடு.

அம்மார் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"ஏம்மா தங்கச்சி, இந்தக் கடல் ராத்திரில உள்ள வந்துருமா?"

"இது வரைக்கும் வரலைங்க" என்றாள் தலெந்தா, தரையைப் பார்த்தபடி.

"இது வரைக்குமா! கேட்டியா ரவ்தா? சின்னம்மா உறுதி ஒண்ணும் குடுக்க மாட்டேங்குறா."

"வாப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன். இதுவும் போயிரப் போகுது."

மொன்ஜி படியேறி வந்து வழக்கமான பேச்சைத் தொடங்கினார். "ஜூன் ஒண்ணாம் தேதி காலைல மாடி காலியா இருக்கணும். ஒரு செருப்பு கெடக்கக் கூடாது. அன்னிக்கே வெளிநாட்டுலேருந்து ஆளுங்க வந்துருவாங்க."

"எம்பொண்ணுகிட்ட இருக்கறதே ஒரு ஜோடிதான். அதையும் கால்ல மாட்டிக்கிட்டே வந்துருவா" என்றார் அம்மார்.

தலெந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானைத் துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வருடம் மாடியில் படித்தது பூமிப் பாடம். மேகங்களின் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள், எந்த மலையில் எந்தப் பக்கம் மழை பெய்யும் என்பதெல்லாம் கீழே வந்து சேர்ந்தன. ரவ்தாவும் கூச்சக்காரி. இருவரும் படியில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, இரண்டு பேருமே நின்றுவிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் தலெந்தா கோதுமை ரவையில் மீன் போட்டு வேகவைத்த குஸ்குஸை ஒரு தட்டில் மூடி மூன்றாவது படியில் வைப்பாள். தட்டு கழுவித் திரும்பும், உள்ளே ஒரு பிடி பாதாமோ இரண்டு காய்ந்த அத்திப்பழமோ இருக்கும். பேசிக்கொண்டது குறைவு. ஆனால் சனிக்கிழமைகளில் ரவ்தா ஊருக்குப் போனால், தலெந்தாவுக்குக் கையில் வேலை ஓடாது. தானே பெற்றிருந்தால் இந்த வயதில் ஒருத்தி இருப்பாள் என்று ஒருமுறை நினைத்துவிட்டு, யாரோ கேட்டுவிட்டதைப் போலச் சுற்றும் பார்த்தாள்.

மே மாதத்தில் ஒரு பரீட்சை கைவிட்டுப் போனது. மறுபரீட்சை ஜூன் இருபதுக்கு மேல். ரவ்தா படியில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசியது கீழே கேட்டது.

"வாப்பாகிட்ட சொல்லிராத. இந்த மூணு வாரம் எங்க தங்குறதுன்னு தெரியல. மலைலேருந்து வந்து எழுத முடியாது. ஜூன்ல இங்க எவன் ரூம் குடுப்பான்? சின்னம்மாகிட்ட எப்படிக் கேக்குறது? பாவம், கோடைல அது அவங்க அண்ணன் பங்கு."

அன்று மாலையே தலெந்தா அடுத்த வீட்டிலிருந்த மொன்ஜியிடம் போனாள். இத்தனை வருடத்தில் அண்ணனிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

"அண்ணே, இந்த ஜூன் மட்டும் மாடிய விட்டுரு. அந்தப் புள்ளைக்குப் பரீட்ச இருக்கு."

"பரீட்ச எழுதுறது அவ. நஷ்டம் எனக்கா?"

"என் குளிர்கால வாடகைல ரெண்டு மாசத்த நீ எடுத்துக்க."

மொன்ஜி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நஸீஹா, இங்க வந்து பாரு. எந்தங்கச்சிக்கு வாய் மொளச்சிருக்கு!"

"இப்பவாவது மொளச்சுதே" என்றாள் நஸீஹா அடுப்படியிலிருந்து. "சரின்னு சொல்லிட்டுக் காப்பியக் குடிங்க."

சரி என்றார். தலெந்தா திரும்பி வந்து மூன்றாவது படிவரை ஏறினாள். மேலே பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டாள். வெறுங்கையோடு போய்ச் சொல்வதை விட, மெத்தையைப் புதிதாக்கி வைத்துவிட்டு, இதில் படுத்துப் படி என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் மே முப்பத்தொன்று. ரவ்தா காலையில் கல்லூரிக்குப் போனதும் தலெந்தா மெத்தையை இழுத்து, தையலைப் பிரித்து, ரோமத்தை இரண்டு தண்ணீர் விட்டு அலசி மொட்டை மாடியில் விரித்தாள். பழைய உறை நைந்திருந்தது. நீலக் கோடு போட்ட துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். நல்ல துணியாகத் தேடியதில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் நஸீஹா நின்றாள்.

"அந்தப் பொண்ணு போயிட்டாளே. மொட்ட மாடிய ஒரு தடவ பாத்தா. அஞ்சு நிமிஷத்துல பெட்டியோட எறங்கிட்டா. 'சின்னம்மாவுக்கு நன்றி சொல்லிருங்க'ன்னா. நீ இருக்கச் சொல்லியும் வேற எடம் கெடச்சுருச்சு போலன்னு நெனச்சு நான் வாயே தெறக்கல."

மூன்றாவது படியில் கழுவிய தட்டு இருந்தது. தட்டுக்குள் சாவி.

தலெந்தா தொலைபேசியில் அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே ரவ்தா எடுத்தாள். பின்னால் பல பெண்களின் பேச்சு கேட்டது.

"சொல்லுங்க சின்னம்மா."

துணிப் பொதி தலெந்தாவின் மடியில் இருந்தது.

"சாவி கெடச்சுதும்மா" என்றாள்.

"சரி சின்னம்மா. உங்க வீட்டுல எனக்கு எந்தக் கொறையும் இருந்ததில்ல."

அவ்வளவுதான்.

அந்த ஜூனில் மாடியில் யாருமில்லை. மொன்ஜி தினமும் காலையில் வந்து, "ஆளும் போச்சு, வாடகையும் போச்சு. அருமையான வியாபாரம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். தலெந்தா புதிய உறையில் ரோமத்தைத் திணித்துத் தைத்து, படுக்கையை விரித்து வைத்தாள். ஒருவேளை புத்தகம் ஏதாவது விட்டுப்போயிருந்தால் வருவாள் என்று அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மறுபரீட்சை அன்று ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றாள். ரவ்தா ஊரின் மறுகோடியில் ஆறு பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். மதியம் எதிரே கல்லூரி வாசல் திறந்தது. கூட்டத்தில் ரவ்தா வந்தாள். இளைத்திருந்தாள். சாலையைக் கடக்க எட்டே அடி. ஒரு பேருந்து வந்து நின்றது. அது போனபோது அந்தப் பக்கம் யாருமில்லை.

இது நடந்து ஆறு வருடமாகிறது. ரவ்தா தேறிவிட்டாள். கைரவானுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பூமிப் பாடம் நடத்துகிறாள். பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புவாள், தலெந்தாவும் பதில் அனுப்புவாள். அந்த மெத்தை யாருக்காகப் பிரிக்கப்பட்டது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஜெராக்ஸ் கடைச் சுவரில் மற்ற வாடகைத் தாள்களில் 'மே வரை' என்றிருக்க, தலெந்தாவின் தாளில் மட்டும் இப்போது 'ஜூலை பதினைந்து வரை' என்று இருக்கிறது. இந்த வருடம் மாடியில் இரண்டு பெண்கள் குடியிருக்கிறார்கள்.