பதினோரு கீறல்களும் ஒரு பழைய லென்ஸும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அன்வர் பாய் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக என்று கேட்காதீர்கள்... நோட்டில் எழுதி வைப்பது என் வியாதி.

ஆம்பூர் பைபாஸ் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் அவர். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

“சார், கேமரா எடுத்துக்கினு கிளம்புங்க. தோல்ல கீறல் விழுந்திருக்கு. போன்ல எடுத்தா கல்யாணப் பொண்ணு கன்னம் மாதிரி மழமழன்னு வருது. நான் யார்கிட்ட போய்க் காட்டுறது?”

விஷயம் இதுதான். ஏற்றுமதிக்குத் தயாரான கறுப்புத் தோல்களில் பதினொன்றில் முடி கனத்துக்குக் கீறல். அவற்றைத் தரம் பிரித்தது செல்வி. ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்த கையோடு வேலைக்கு வந்தவள். அந்த மேஜையில் யாரும் வளையல், மோதிரம் போடக்கூடாது என்பது சட்டம். வளைகாப்பு வளையலைக் கழற்ற மனமில்லாமல் மேலே துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கீறியது வளையல்தான் என்று அன்வர் பாய் முடிவே கட்டிவிட்டார். போட்டோவும் அதையே சொன்னால் போதும்... அன்றே அவள் வேலை போய்விடும். பிரசவ விடுமுறையும் அதோடு போச்சு.

நிர்வாகத்துக்கு அனுப்ப அந்தப் போட்டோவைத்தான் என்னை எடுக்கச் சொன்னார்கள்.

தரம் பிரிக்கும் அறையில், வடக்கு ஜன்னல் ஓரம் ஒரு தோலை விரித்தோம். என் புது ஆட்டோஃபோகஸ் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, எதையும் பிடிக்காமல் நின்றது. ஒரே கறுப்பு. அது எதைப் பிடிக்கும், பாவம்?

பையிலிருந்து பழைய ஐம்பது எம்எம் லென்ஸை எடுத்தேன். வாணியம்பாடியில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது வாங்கியது. எல்லாமே கையால் திருப்ப வேண்டும். கிட்டத்தில் எடுக்க ஒரு குழாய், கேமராவில் பொருத்த ஓர் அடாப்டர்.

“இன்னா சார், புது காருக்கு மாட்டு வண்டிச் சக்கரம் மாட்டுறீங்க?”

கேமராவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. லென்ஸே இல்லை என்று திரையில் எச்சரிக்கை! மெனுவுக்குள் போய், ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு’ என்று அதட்ட வேண்டும். லென்ஸின் ஒளித்துளையை எந்த அளவுக்குத் திறந்து எடுத்தோம் என்பதும் படத்தில் பதியாது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன்.

அவ்வளவு கிட்டத்தில் மூச்சு விட்டாலே ஃபோகஸ் நழுவும். திரையைப் பெரிதாக்கி, வளையத்தை நூல் நூலாகத் திருப்பி, மூச்சைப் பிடித்து... ஒரு தோலுக்கு இருபது நிமிடம் ஆனது. மூன்றாவது தோலிலேயே அன்வர் பாய் கொட்டாவி விட்டார்.

“பேஜாரா கீது சார். ஒண்ணு ரெண்டு எடுத்தா பத்தாது?”

“பதினொண்ணும் எடுத்துட்டுத்தான் போவேன் பாய்.”

ஒருத்தியின் வேலையைப் பறிக்கப்போகும் படம். அரைகுறையாக எடுக்கலாமா?

செல்வி ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக்கூடப் போகவில்லை.

மூன்று மணிக்கு மேல் லேப்டாப்பில் படங்களைத் திறந்தேன். முதல் படத்தைப் பார்த்ததும் அன்வர் பாய் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டார்.

“யா அல்லா... கீறலுக்கு உள்ளயும் சாயம் இறங்கியிருக்கு சார்! இது வளையல் இல்ல. மாடு உசுரோட இருக்கும்போது முள்ளுல பட்டு ஆறின காயம்.”

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பத்து வரைக்கும் அப்படியே. செல்வி எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

பதினொன்றாவது படம். கறுப்புக்கு நடுவே வெளிறிய பழுப்பில் ஒரு கோடு. சாயம் போட்ட பிறகு விழுந்த புதுக் கீறல்.

நான் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். பழைய லென்ஸ், ஃபோகஸ் விழவில்லை என்று இந்த ஒன்றை அழித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? விரல் அழிக்கும் பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“அது என்னுதுதான் பாய்,” என்றாள் செல்வி. “சனிக்கிழம துணி அவுந்துபோச்சு. அப்பவே பாத்தேன், சொல்ல பயமா இருந்துச்சு. அதையும் அனுப்புங்க.”

“ஏம்மா, இன்னா பேசுற நீ? இருக்கிற வேலையும் போகணுமா?”

“பத்து மட்டும் அனுப்பினா பதினொண்ணாவது எங்கன்னு கேப்பாங்க இல்ல? அப்புறம் அந்தப் பத்தையும் நம்ப மாட்டாங்க.”

பதினொன்றும் நிர்வாகத்துக்குப் போயின. கூடவே என் நோட்டின் பக்கமும்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஒரு கீறலுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலை அப்படியே இருக்கும். வளையலுக்கு மேல் முழங்கை வரை காட்டன் உறை போட வேண்டும்.

இப்போதெல்லாம் நம் கையில் இருக்கும் கருவிகள் எல்லாமே நமக்கு முன்னால் முடிவெடுத்துவிடுகின்றன. எது முகம், எது அழகு, எதை மழுப்ப வேண்டும் என்று! அன்வர் பாய் எந்தக் கருவியும் இல்லாமலேயே அதைச் செய்திருந்தார்... வளையலைப் பார்த்தார், கீறலைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் சொல்வானேன்? இல்லாத ஒரு மங்கலைச் சாக்காக வைத்து நானும் முடிவெடுக்க இருந்தேனே. கையால் திருப்புகிற லென்ஸில் ஒரே நன்மைதான். தெளிவு வரும் வரை அது நம்மை நகரவிடாது.

செல்வி அதே மேஜையில்தான் இருக்கிறாள். அன்வர் பாய் மட்டும் இப்போது தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைகிறாராம்!